பாக்கலாமா ஏட்டையாவின் கொண்டைச் செவந்திகள்

போலீஸ்காரர் ஒருவர் நம் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "உள்ள வரலாமா?" என்று கேட்டால் முதலில் வருவது பயம்தான். எனக்கும் அப்படித்தான் வந்தது. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். மெஷினில் பாதி தைத்த பிளவுஸை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினேன். யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் நினைத்தேன். வெளியே ஆறடி உயரத்தில், லுங்கியும் கை வைத்த பனியனுமாக, கத்தரித்த மீசையோடு அவர் நின்றார். ரிட்டயர் ஆன போலீஸ்காரர் ஒருவர் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்திருக்கிறார் என்று முந்தின நாளே தெரு முழுக்கத் தெரியும்.

"நடுச்சுவர்ல ஒரு ஆணி அடிக்கணும் தங்கச்சி. சுவரு ரெண்டு வீட்டுக்கும் பொது. அடிச்சுக்கிடலாமா?" என்றார்.

எங்கள் தெருவில் நடுச்சுவர் என்பது சண்டை போடுவதற்காகக் கட்டப்பட்டது. அதில் ஆணி அடிக்க ஒருவர் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. அடியுங்கள் என்றேன். அடித்து முடித்துவிட்டு மறுபடி வந்து, எங்கள் பக்கம் காரை பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாமா என்று கேட்டார். பயம் தெளிய எனக்கு ஒரு வாரம் ஆனது. ஆச்சரியம் மட்டும் அவர்கள் பக்கத்து வீட்டில் இருந்த ஆறு வருசமும் தெளியவில்லை. இப்போது அவர்கள் கோயம்புத்தூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார்கள், இன்னும் தெளியவில்லை.

புளியறை செக்போஸ்ட்டில் ரொம்ப வருசம் ஏட்டாக இருந்தவர். கேரளாவுக்குப் போகிற லாரி, அங்கிருந்து வருகிற லாரி எல்லாம் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தார்ப்பாயைத் தூக்குவதற்கு முன்னால் டிரைவரிடம், "பாக்கலாமா?" என்று கேட்பாராம். கேட்டுவிட்டுச் சோதனை போடுகிற போலீஸை அந்த டிரைவர்கள் எங்கே கண்டார்கள்? "பாக்கலாமா ஏட்டையா" என்று பேர் வைத்துவிட்டார்கள். பிறகு பதவி உயர்வு வந்து தோளில் நட்சத்திரம் ஏறியபோதும் அந்தப் பேர் மாறவில்லை. கூடாது என்று யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். ஏன் என்று கேட்பாராம். காரணம் சரியாக இல்லாவிட்டால் மேலதிகாரியைக் கூப்பிட்டுத் திறக்க வைப்பாராம்.

"ஆனா கேக்காம என் கை படாது தங்கச்சி," என்றார். சிரிக்கவில்லை.

எங்கள் முருங்கையில் ஒரு கொப்பு அவர்கள் பக்கம் சாய்ந்து கிடந்தது. நாங்கள் திருச்செந்தூர், உவரி என்று ஒரு சுற்றுப் போய்விட்டு, பிறகு என் அம்மா வீட்டிலும் தங்கிவிட்டுப் பத்து நாள் கழித்துத் திரும்பினோம். கொப்பு நிறையக் காய் முற்றி, நெத்தாகி, அவர்கள் அடுக்களை ஜன்னலில் இடித்துக்கொண்டு தொங்கியது. அவருடைய மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். அந்த மதினி பத்து நாளும் கடையில் முருங்கைக்காய் வாங்கிச் சாம்பார் வைத்திருக்கிறாள். "கை நீட்டுனா காயி. இந்த மனுசன் ஒங்க வீட்டுப் பூட்டப் பாத்துக்கிட்டே நிக்காரு," என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

சாரல் காலத்தில் எங்கள் ஊரில் யாரும் குளியலறையில் குளிப்பதில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குப் போய்விடுவோம். அவரும் போவார். அருவிக் கூட்டத்தில் கேட்டுக்கொண்டா உள்ளே நுழைய முடியும்? முதுகைக் கொடுத்துத் தள்ளவேண்டும். இவரோ, "கொஞ்சம் தள்ளிக்கிடலாமா?" என்று வெளியூர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு நிற்பார். அந்த இரைச்சலில் யார் காதில் விழும்? தேய்த்த எண்ணெய் தேய்த்தபடி வழிய, தலை நனையாமல் வீடு வந்து சேர்ந்த நாட்கள் உண்டு. பழைய குற்றாலத்தில் ஒரு நாள் நானே பார்த்தேன். முப்பது வருசம் லட்டி பிடித்த ஆள், ஒரு கல்லூரிப் பையன் நகர்வதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றார்.

இந்த மனுசன் தனக்கென்று ஒரு பொருளைக் கேட்டது ஒரே ஒரு தடவைதான் என்று மதினி சொல்லுவாள். ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, பூச்செடி ஏற்றிய லாரி ஒன்று கேரளாவுக்குப் போக வந்து நின்றது. தார்ப்பாயைத் தூக்கினால் உள்ளே ஒரு பூ. செவந்தி மாதிரி இருக்கிறது, செவந்தி இல்லை. இதழ் எல்லாம் ரோஸ் நிறத்தில் கீழே பார்த்து வளைந்திருக்கிறது. நடுவில் முள்ளு முள்ளாக ஒரு கொண்டை மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு, "இதுல ஒண்ணு தருவீயளா?" என்று கேட்டாராம். டிரைவர் ஆடிப்போய், இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்திருக்கிறான். அது லஞ்சமோ என்று இவருக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த நடை அந்த லாரி வந்தபோது, வீட்டிலிருந்து தூக்குச்சட்டி நிறையப் புளிச்சோறு கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் மனசு ஆறியதாம்.

அதற்குப் பேர் எக்கினேசியா. அவர் அதைத் தப்பில்லாமல், வழக்கு எண் சொல்லுவதுபோல நிறுத்திச் சொல்லுவார். எங்கள் தெருவுக்கு அது கொண்டைச் செவந்தி. எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தபோது ஒரே ஒரு தொட்டிதான் அவர் கையில் இருந்தது. நாலாவது வருசத்தில் பதினொரு தினுசு ஆகிவிட்டது. வெள்ளை, மஞ்சள், செங்கல் நிறம், ஆரஞ்சு, இதழ் நூல்போல மெலிந்து தொங்குகிற ஒன்று, கொண்டையே பூவாக வெடித்துப் பந்துபோல நிற்கிற ஒன்று. ஈரம் நின்றால் அடி அழுகிவிடும் என்பதால், எங்கள் ஊர்ச் சாரலுக்குப் பயந்து மண்ணை மேடாக்கி, ஆற்றுமணலும் உடைத்த செங்கலும் கலந்து பாத்தி கட்டியிருந்தார். நாற்பது செடிக்கு மேல் இருக்கும். என் தையல் மெஷின் ஜன்னலோரம் கிடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் அந்தப் பாத்திகள்தான். எத்தனையோ பிளவுஸுக்கு நான் கழுத்தை மாற்றி வெட்டியதற்கு அந்தப் பூக்கள்தான் காரணம்.

விதை சும்மா போட்டால் முளைக்காது. குளிர்நாட்டுப் பூ; ஒரு பனிக்காலத்தைக் கடந்துவிட்டோம் என்று விதை நம்பவேண்டும். அதனால் ஈர மணலில் கலந்து, சம்படத்தில் அடைத்து, ஒரு மாதம் பிரிட்ஜில் வைப்பார். தோசை மாவுக்கும் மீனுக்கும் நடுவில் அந்தச் சம்படம் உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு சீட்டு: "கேட்டுத் திறக்கவும்." தன் வீட்டுப் பிரிட்ஜைத் திறக்கத் தானே மனுப்போடவேண்டும் என்று மதினி தலையில் அடித்துக்கொள்வாள். அவளிடமும் அவர் கேட்டுத்தான் அந்த இடத்தைப் பிடித்திருந்தார் என்பது வேறு விசயம்.

முளைத்து வளர்ந்து மொட்டு விடும். முதல் வருசத்து மொட்டை எல்லாம் வெட்டிவிடுவார். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை மாதம் பாடுபட்டு வந்த மொட்டு. ஒவ்வொன்றாகப் பிடித்து, குனிந்து, "வெட்டலாமா?" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் கத்தரியை வைத்தார். செடியிடம் கேட்கிறார் என்று தெரு சிரித்தது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, ஏன் அண்ணாச்சி இப்படிப் பாவம் பண்ணுகிறீர்கள் என்று கேட்டே விட்டேன். முதல் வருசம் பூக்க விட்டால் செடி பூவிலேயே தீர்ந்துபோகும், வேர் பிடிக்காது என்றார். அடுத்த வருசம் பூத்தபோது ஒரு செடியில் இருபது பூ எண்ணினேன்.

கேட்டவர்களுக்குக் கொடுப்பார். மூன்று வருசச் செடியைத் தூரோடு பிரித்து, மண்ணோடு பொட்டலம் கட்டி, எந்த இடத்தில் எவ்வளவு வெயில் என்று வீடுவரை வந்து சொல்லிக் கொடுப்பார். ஆனால் யாரும் கேட்கமாட்டார்கள். போலீஸ் வீடு என்கிற கூச்சம் பாதி. மீதிப் பாதிக்குக் காரணம் வேறு. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: கேட்டு வாங்கிய செடி வராது, தெரியாமல் கிள்ளிக்கொண்டு வந்ததுதான் தழைக்கும். என் வீட்டுக் கறிவேப்பிலை, செம்பருத்தி, மணிப்பிளான்ட் எல்லாம் அப்படி வந்தவைதான். யாரும் அதைத் திருட்டு என்று நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை.

அந்த நாலாவது வருசம் ஆனி மாதம் சாரல் தொடங்கியிருந்தது. பாத்தியில் இருந்த ஒரு செடியை அவர் தொட்டிக்கு மாற்றி, கேட்டை ஒட்டித் தனியாக வைத்து, மேலே கொசுவலையைப் போட்டு மூடியிருந்தார். எனக்கு ஆவல் தாங்கவில்லை. வலைக்குள்ளே இலை கொஞ்சம் வெளிறி, மொட்டு பச்சையாகத் தெரிந்தது. பச்சைப் பூ! பன்னிரண்டாவது தினுசு வந்துவிட்டது, கண் பட்டுவிடும் என்று மூடி வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். பச்சையிலும் கொண்டைச் செவந்தி உண்டு என்று செல்போனில் படம் பார்த்திருக்கிறேன். அவரும் மதினியும் அச்சன்புதூருக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போன காலையில், கேட்டுக்குள் கையை விட்டு, வலையைத் தூக்கி, தூரில் ஒரு பக்கக் கன்றை வேரோடு பிளந்து எடுத்தேன். கையில் கிடைத்தது துணி வெட்டுகிற கத்தரிதான். மண்ணை மூடி, வலையைப் பழையபடி போட்டுவிட்டேன். கேட்டிருந்தால் சந்தோசமாகத் தந்திருப்பாரே என்று ஒரு விநாடிகூட நினைக்கவில்லை. கேட்டால் வராதே என்பதுதான் என் கவலை.

இரண்டு நாள் கழித்து அவர் அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மூலைக்குப் போனார். செடியைப் பிடுங்கி, சிரட்டையும் சருகும் கூட்டி, தீ வைத்தார். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கீறி எடுத்ததைக் கண்டுபிடித்துவிட்டார், போலீஸ் கோபம், பாதி போனபிறகு மீதி எதற்கு என்று எரிக்கிறார் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. பயத்தோடு கூட ஒரு சின்ன சந்தோசமும் வந்தது. அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. இனிமேல் அந்தப் பச்சைப் பூ இந்தத் தெருவில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்கிற சந்தோசம்.

துவைக்கிற கல்லுக்குப் பின்னால், நடுச்சுவரை ஒட்டி, அவர் கண்ணில் படாமல் நட்டேன். ஆடியில் பூத்தது. இதழும் பச்சை, கொண்டையும் பச்சை. கொண்டையின் மேல் குட்டி குட்டியாக இலைக்கொத்து முளைத்து நின்றது. இப்படி ஓர் அதிசயத்தை மறைத்து வைக்க என்னால் முடியுமா? படம் எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். மதினி என் ஸ்டேட்டஸைப் பார்ப்பாள் என்கிற நினைவு வந்தபோது, அவள் பார்த்து முடித்திருந்தாள்.

கால் மணி நேரத்தில் கேட்டில் குரல். "தங்கச்சி, உள்ள வரலாமா?"

வந்தார். அந்தப் பூவைப் பார்க்கலாமா என்று கேட்டார். காட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார். எங்கே வாங்கியது என்று கேட்டார். ஆன்லைனில் என்றேன். பொய் சொல்லுகிறவர்களின் முகத்தை முப்பது வருசம் பார்த்த கண் அது. என் முகத்தில் ஒரு விநாடி நின்றுவிட்டு மறுபடி செடிக்குப் போய்விட்டது.

"இது பூ இல்ல தங்கச்சி, சீக்கு. இதுக்கு மருந்து கிடையாது. பிடுங்கி எரிக்கணும். பிடுங்கிக்கிடலாமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தன்னிடம் இல்லாத பூ பக்கத்து வீட்டில் இருப்பது பொறுக்கவில்லை என்று நினைத்தேன். அப்படி நினைப்பதுதான் எனக்கு வசதியாகவும் இருந்தது. யோசித்துச் சொல்லுகிறேன் என்றேன்.

மறுபடி வந்தார். அவர் மருமகன் வேளாண்மை படித்தவர். அவர் அனுப்பிய படங்களைச் செல்போனில் காட்டினார். அதே பச்சை, அதே இலைக்கொத்து. தத்துப்பூச்சி இந்தச் செடியின் சாற்றைக் குடித்துவிட்டு அடுத்த செடியில் போய்க் குத்தினால், அதற்கும் வந்துவிடும். பூச்சிக்கு நடுச்சுவர் தெரியாது. மறுபடி கேட்டார். அவர் சொல்வது நிஜமாக இருக்குமோ என்று அப்போது எனக்குத் தோன்றிவிட்டது. ஆனால் இப்போது சரி என்றால், ஏன் வாங்கினாய், எங்கே வாங்கினாய் என்று பேச்சு வளர்ந்து, கத்தரி வெளியே வந்துவிடும். வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்லுகிறேன் என்றேன். வீட்டுக்காரரிடம் நான் கேட்கவே இல்லை.

மூன்றாவது தடவை சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். அவருடைய ஆரஞ்சுச் செடியில் ஓர் இலை வெளிறியிருந்தது. அந்தத் தோட்டம் மொத்தமும் என் ஒரு வார்த்தையில் தொங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொன்னேன்.

"எங்க வீட்டுச் செடிக்கு நீங்க ஏன் அண்ணாச்சி இவ்வளவு பயப்படுதீய?"

அவர் என்னைப் பார்த்தார். "சரி தங்கச்சி. ஒங்க வீடு," என்றுவிட்டுப் போய்விட்டார்.

துவைக்கிற கல் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. அவர் உயரத்துக்குச் சுவரில் சாய்ந்து கையை நீட்டினால் செடி கையோடு வந்துவிடும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இல்லை. தடுக்க ஒரு கேட்டும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை. நான் திரும்பி வந்ததும் முதலில் பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். செடி இருந்தது. அப்பாடா என்றிருந்தது. அந்த "அப்பாடா"வை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஆவணியில் ஆரஞ்சு போனது. பிறகு மஞ்சள். அவர் பாத்திகளுக்கெல்லாம் வலை கட்டினார். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தார். காலையில் ஒவ்வொரு செடியாகக் குனிந்து இலையைத் திருப்பிப் பார்ப்பார். வெளிறியது தெரிந்தால் அப்படியே கொஞ்ச நேரம் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். வெள்ளைப் பூ பச்சையாகப் பூத்தது. பந்துப் பூவில் இலை முளைத்தது. பூச்சி வேறு எங்கிருந்தாவது வந்திருக்கலாம், காட்டுச் செடியிலும் இந்தச் சீக்கு உண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மெஷினை மிதித்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டுத் தைக்கப் பழகினேன்.

புரட்டாசியில் ஒரு காலை. சாத்திய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திறந்து பார்த்தேன். பாதித் தோட்டம் காலி. மிச்சமிருந்த எல்லாவற்றையும், சீக்கு வந்தது, வராதது என்று பாராமல், பிடுங்கிக்கொண்டிருந்தார். பூவோடு நின்ற செடிகளும் போயின. ஒவ்வொன்றின் தூரிலும் கையை வைத்து, உதடு அசைய ஏதோ சொல்லிவிட்டு, பிறகு பிடுங்கினார். என்ன சொல்லுகிறார் என்று எனக்குத் தெரியும். உரச்சாக்கில் திணித்துக்கொண்டே போனார். கடைசியில், லாரியிலிருந்து வந்த அந்த முதல் ரோஸ் செடி. அதன் முன்னால் மட்டும் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

செருப்புக்கூடப் போடாமல் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். மதினி அடுக்களை வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அழுதுவிடுவேன்போல இருந்தது. அதற்குப் பதிலாகக் கோபம் வந்தது. ஏன் மதினி இந்த மனுசன் இப்படி, நான் இல்லாத நாளில் கையை நீட்டிப் பிடுங்கிப் போட்டிருந்தால் இத்தனையும் பிழைத்திருக்குமே என்றேன். என் வாயிலிருந்தே அது வந்ததைக் கேட்டு நானே அதிர்ந்துபோனேன்.

மதினி மெதுவாகச் சொன்னாள். புளியறைக்குப் போன புதிதில், ஒரு மழை நாள் மத்தியானம், கேரளாவிலிருந்து ஒரு ஜீப் வந்தது. முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒரு வயசான அம்மா. பின்னால் ஒரு மகன். அவன் மடியில் தலைவைத்து, கம்பளியால் முழுக்க மூடி ஒரு ஆள் படுத்திருக்கிறார். அப்பாவுக்குக் காய்ச்சல், தூங்குகிறார் என்றான் மகன். அந்த நாளில் ஏலக்காய் மூட்டையைக் கம்பளி போட்டு மறைத்துக் கடத்துவதும் உண்டு. இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பளியைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"செத்துப்போன ஆளுட்டி. தாடைக்குத் துண்டு கட்டியிருந்துது. எஸ்டேட்லயே உயிர் போயிட்டு. அம்மா வழியில தாங்கமாட்டான்னு, தூங்குதாருன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கான் அந்தப் பையன். வீட்டுல போயிச் சொல்லிக்கிடலாம்னு. அந்த அம்மா திரும்பிப் பாத்துட்டா."

அவள் முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "பாக்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்தப் பையன் எறங்கி வந்து எங்காதுல சொல்லியிருப்பானேன்னு இன்னைக்கும் சொல்லுவாரு."

எழுந்து வீட்டுக்கு வந்தேன். மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். மெஷின் மேல் கத்தரி கிடந்தது. எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினேன். கொஞ்ச நேரத்தில் கேட்டில் குரல் கேட்டது.

"தங்கச்சி, உள்ள வரலாமா?"

கையைக் கழுவிவிட்டு வந்திருந்தார். நகக்கண்ணில் மட்டும் மண். அந்தச் செடியை இப்போது எடுத்துக்கிடலாமா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் நகரவில்லை.

"வாயால சொல்லுங்க தங்கச்சி."

"எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி." அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. "அது ஒங்க செடிதான். நீங்க கல்யாண வீட்டுக்குப் போயிருந்தப்ப நான்தான் கேக்காம எடுத்தேன்."

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பின்பக்கம் போய், குனிந்து, தூரைப் பிடித்து மெல்ல அசைத்து, வேர் அறாமல் பிடுங்கினார். மண்ணை உதறினார். தடித்த வேரின் ஒரு பக்கத்தை என்னிடம் காட்டினார். புது வேர்களுக்கு நடுவில் அந்தப் பழைய வெட்டு நேராக, ஆறிப்போய்த் தெரிந்தது.

"தெரியும் தங்கச்சி. எரிக்கதுக்கு முன்னாலயே பாத்தேன். மம்பட்டி பட்டா வேர் பிஞ்சிருக்கும். இது துணி வெட்டுன மாதிரி இருந்துது. ஒங்க வீட்டுல பச்சைப் பூவப் பாத்ததும் புரிஞ்சிட்டு."

அந்த வெட்டைத் தொட்டுப் பார்த்தேன். "ஒங்க செடின்னு தெரிஞ்சா மூணு தடவை எங்கிட்டக் கேட்டீய?"

"எஞ்செடிதான். ஆனா ஒங்க வீட்டு மண்ணுல நின்னுதுல்லா," என்றார். "நீங்க சரின்னு சொல்லலியே."

செடியைச் சாக்கில் போட்டுக் கட்டினார். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் சாண் ஆழத்துக்கு ஒரு குழி. அவர் குத்தவைத்து உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளினார். போடப் போனவர் நிறுத்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மூடிரலாமா தங்கச்சி?"

மூடுங்கள் என்று ஒரு வார்த்தைதான். எனக்கு வாய் திறக்கவில்லை. இரண்டு கையிலும் மண்ணை ஏந்திக்கொண்டு, நான் சொல்லுவதற்காக அவர் காத்துக்கொண்டிருந்தார்.